மீட்டரில் கட்டிய வீடு

இரண்டு வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை. ‘உடல்நலக் குறைவு’ என்று ஆசிரியர் கட்டம் கட்டிப் போட்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டு விசாரித்த அன்பர்கள் அத்தனை பேருக்கும் நன்றி. சுக்குக் கஷாயம் சிபாரிசு செய்த அம்பாசமுத்திரம் வாசகிக்குத் தனி நன்றி.

ஆனால் அது பொய். உடம்பு நன்றாகத்தான் இருந்தது. வீடுதான் சரியில்லை.

தென்காசியில் நான் வீடு கட்டுகிற கதை உங்களுக்குத் தெரியும். சுண்ணாம்பு கிடைக்காத கதை, செங்கோட்டையிலிருந்து உத்தரம் வந்த கதை, கொத்தனார் வராத கதை… வாரா வாரம் ஒன்றைச் சொல்லி உங்களை அறுத்திருக்கிறேன். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த வீட்டை நான் அடிக்கணக்கில் கட்டவில்லை. மீட்டர் கணக்கில் கட்டினேன்.

ஏன் சொல்லவில்லை? வீடு முடிந்ததும் ஒரேயடியாகச் சொல்லி உங்களை அசத்திவிடலாம் என்றிருந்தேன். இந்தியாவிலேயே மீட்டர் கணக்கில் எழும்பிய முதல் வீடு இதுதான் என்று ஒரு வாக்கியம்கூட மனதில் தயாராக இருந்தது. உண்மையா என்று தெரியாது. கேட்பதற்கு ஆள் இல்லை என்ற தைரியம்தான்.

நான் ஹைஸ்கூலில் சயன்ஸ் வாத்தியார். பத்து வருஷமாக மீட்டர், கிராம், லிட்டர் என்று பாடம் நடத்துகிறேன். பையன்கள் வகுப்பில் அதைப் படிப்பார்கள். பரீட்சையில் எழுதுவார்கள். வெளியே போய் முழக்கணக்கில் பூவும், படிக்கணக்கில் அரிசியும், ராத்தல் கணக்கில் சர்க்கரையும் வாங்குவார்கள். எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

முழம் என்றால் யாருடைய முழம்? எங்கள் சன்னதித் தெருவில் இரண்டு பூக்காரிகள் உண்டு. ஒருத்தி நெட்டை, ஒருத்தி குட்டை. காசு ஒன்றுதான். ஊரே நெட்டைப் பூக்காரியிடம் வாங்குகிறது. குட்டையானவள் என்ன பாவம் செய்தாள்? அளவு என்றால் ஆளுக்கொன்றாகவா இருப்பது? இங்கிலீஷ்காரன் அடி மட்டும் என்ன உசத்தி? அதுவும் எந்தக் காலத்திலோ எவனோ ஒரு ராஜாவின் பாதம்தானாம்!

பிரெஞ்சுக்காரன் அப்படியில்லை. ராஜாவைத் தொலைத்துவிட்டுப் பூமியை அளந்தான். வட துருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரையுள்ள தூரத்தைக் கோடி பங்கு போட்டு, அதில் ஒரு பங்குக்கு மீட்டர் என்று பேர் வைத்தான். அந்த நீளத்துக்குப் பிளாட்டினம் கலந்த ஒரு கம்பியைச் செய்து பாரீஸ் பட்டணத்துக்குப் பக்கத்தில் பூட்டி வைத்திருக்கிறான். யார் கால் நீளமானாலும், யார் கை குட்டையானாலும் அந்தக் கம்பிக்குக் கவலையில்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் வகுப்பில் என் குரல் தழுதழுக்கும். எனக்குப் பையன்கள் வைத்திருக்கும் பேர் ‘மீட்டர்’. நேரில் சொல்வதில்லை. பெருமையாகத்தான் இருக்கிறது.

சரி, வீட்டுக்கு வருவோம்.

என் மனைவி கோமதி பிரசவத்துக்குப் பிறந்த வீடு போயிருந்தாள். புளியங்குடி. மாமனாருக்கு அங்கே எலுமிச்சை மண்டி. பெண் குழந்தை பிறந்தது. மண்டித் தராசிலேயே நிறுத்து ‘ஏழு ராத்தல்’ என்று மாமனார் ஆளிடம் சொல்லி அனுப்பினார். நான் உடனே உட்கார்ந்து மூன்று கிலோ நூற்று எழுபத்தைந்து கிராம் என்று கணக்குப் போட்டு வந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். பக்கத்து அறை டிராயிங் மாஸ்டர், “குழந்தை யார் ஜாடை?” என்று கேட்டார். அது எனக்குத் தெரியவில்லை. இன்னும் நான் போய்ப் பார்க்கவே இல்லை.

பிறகு போய்ப் பார்த்தேன். இரண்டே தடவை. இரண்டு தடவையும் என்னைக் கண்டு வீறிட்டது. பெற்ற பிள்ளை அப்பனைக் கண்டு அழுதால் எப்படி இருக்கும்? புது வீடு தயாரானதும் ஆவணி முதல் முகூர்த்தத்தில் பால் காய்ச்சி, தாயையும் பிள்ளையையும் அழைத்துக் கொள்வது என்று ஏற்பாடு. அதுவரை எனக்கு வாடகை அறை, காபி கிளப் சாப்பாடு. நாளுக்கு நாள் அந்தக் குழந்தை என் முகத்தை மறந்துகொண்டிருக்கிறது என்ற நினைப்பு இருக்கிறதே… அதற்கு எந்த அலகும் கிடையாது.

இந்த நிலைமையில் உள்ளவன் என்ன செய்வான்? சீக்கிரமாக, நாலு பேர் கட்டுகிற மாதிரி ஒரு வீட்டைக் கட்டுவான். நான் பள்ளிக்கூட லேபிலிருந்து மீட்டர் ஸ்கேலை எடுத்துக்கொண்டு போனேன்.

“நடு அறை நீளம் அஞ்சு மீட்டர். அகலம் மூணு மீட்டர்” என்றேன் கொத்தனாரிடம். சுடலைமுத்துக் கொத்தனார் ஸ்கேலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மீட்டருன்னா எத்தன அடி சார்?”

“மூணே கால் அடிக்குக் கொஞ்சம் கூட.”

“அப்பம் மூணே கால் அடின்னே சொல்லிட்டுப் போங்களேன்.”

“சொல்லக் கூடாது.”

“ஆட்டும்” என்றார். பைத்தியத்தோடு பேசுகிறவர்கள் அந்தக் குரலில்தான் பேசுவார்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அந்த ஸ்கேலை வைத்து அவர் சுவரும் அளந்தார், சுண்ணாம்பும் கிண்டினார். ஒரு நாள் ஹெட்மாஸ்டர் லேபுக்கு வந்து, “ஸ்கேல் எங்கே?” என்று கேட்டார். “பிராக்டிகலுக்குப் போயிருக்கிறது” என்றேன். அது பொய்யில்லை.

சுவர் எழும்பியது. உத்தரம் ஏறியது. ஓடு போட்டாயிற்று. குற்றாலத்தில் சாரல் ஆரம்பிக்கவும் பூச்சு வேலை முடியவும் சரியாக இருந்தது. மாமனார் வீடு பார்க்க வந்தார்.

வரும்போதே இடுப்பில் ஓர் அடிக்கோலைச் செருகிக்கொண்டு வந்திருந்தார். ஆசாரி யாரிடமோ இரவல் வாங்கியதாம். மனையடிக் கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். அறை பத்தடி என்றால் நல்லது, ஒன்பதடி என்றால் ஆகாது, பதினாறு என்றால் செல்வம், பன்னிரண்டு என்றால் பகை… எனக்கும் தெரியும். தெரிந்துதான் அலட்சியமாக இருந்தேன். மனையடி அடியில்தானே பேசுகிறது? மீட்டரில் கட்டிய வீட்டுக்குள் அது எப்படி வரும்?

அடிக்கோலில் வந்தது.

முதலில் நீளத்தை அளந்தார். “பதினாறுக்கு மேல, பதினேழுக்குள்ள. பதினாறு. செல்வம். நல்லாக் கட்டியிருக்கீய மாப்ளே” என்றார். நான் இளித்தேன். அடுத்து அகலம். அளந்தார். மறுபடி அளந்தார். முகம் மாறிவிட்டது.

“ஒம்பதடி பத்து அங்குலம்.”

“பத்தடின்னு வெச்சுக்கிடுவோம் மாமா.”

“எப்பிடி வெச்சுக்கிடுவிய? நூறு பழம்னு எண்ணிப் போட்டுட்டு ரெண்டு குறைஞ்சா, யாவாரி நூறுன்னு வெச்சுக்கிடுதானா? பத்தைத் தொடலைன்னா அது ஒம்பதுதான். ஒம்பது ஆயுசுக்கு ஆகாது. கைப்பிள்ளைக்காரிய நான் எப்பிடி இங்கன அனுப்புவேன்?”

அவர் குரலில் கோபமே இல்லை. பயம்தான் இருந்தது. கோபமாக இருந்தால் நானும் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன்.

“பூச்சைச் சுரண்டிரலாமா?” என்று கொத்தனாரைக் கேட்டார்.

“பூச்சே அரை அங்குலந்தான் முதலாளி. ரெண்டு சுவரும் சேந்தா ஒரு அங்குலம். மிச்சத்துக்குச் சுவரத்தான் பிரிக்கணும். சுவரப் பிரிச்சா உத்தரம் எறங்கும். உத்தரம் எறங்குனா ஓடு எறங்கும்.”

“உள்பக்கமா ஒரு சுவரு வெச்சு எட்டடி ஆக்கிட்டா?”

“ஆக்கலாம். கட்டில் போடலாம். கதவு தொறக்காது.”

சுவரைப் பிரிப்பதற்குக் கொத்தனாருக்கும் மனசில்லை. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு ஒரு சட்டப் பிரச்சினையைக் கிளப்பினார். “முதலாளி, நீங்க வெச்சிருக்கது வெள்ளைக்காரன் அடில்லா? மனையடிக்கு வீட்டுக்காரர் காலடில்லா கணக்கு?”

மாமனார் யோசித்தார். அவர் தகப்பனார் வீடு கட்டும்போது அப்படித்தான் அளந்தார்களாம். “வாஸ்தவம். மாப்ளே, நீங்க நடங்க” என்றார்.

நடந்தேன். குதிகாலை முன்பாதத்தின் விரலில் ஒட்டி ஒட்டி வைத்து, சுவரிலிருந்து சுவர் வரைக்கும். அளவு ஆளுக்கொன்றாகவா இருப்பது என்று ஊரைக் கேட்ட அதே வாத்தியார்தான்! என் பாதம் இருபத்தைந்து சென்டிமீட்டர். மீட்டரில் சரியாகக் கால் பங்கு. மூன்று மீட்டருக்கு எத்தனை? பன்னிரண்டு. கடைசி அடியில் கட்டைவிரல் சுவரை முத்தமிட்டது. மீதி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை!

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்… அந்த நிமிஷம் எனக்குப் புல்லரித்தது. இவ்வளவு துல்லியமாகக் கட்டியிருக்கிறோமே என்று பூரித்துப் போனேன். “பாத்தியளா மாமா, மீதியே இல்லை!” என்று கத்தினேன்.

“பன்னெண்டு” என்றார் மாமனார். “பகை.”

அப்புறம் அவரே நடந்து பார்த்தார். மண்டியிலும் வயலிலும் நடந்து அகன்ற பெரிய பாதம். பத்து அடி வைத்து, மேலே முக்கால் பாதம் மிச்சம். பத்து! எல்லா நன்மையும் உண்டு. கொத்தனார் கையைத் தட்டினார்.

“நானா இங்கன குடியிருக்கப் போறேன்?” என்றார் மாமனார்.

‘நீங்களும் வந்து இருங்க’ என்று ஒரு வார்த்தை கூப்பிட்டால் மனுஷர் வந்துவிடுவார் என்றுதான் தோன்றியது. நான் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். வாத்தியார் வாய் மூடுமா? பூமியை அளந்ததிலிருந்து ஆரம்பித்து, பாரீஸ் வரை போய், உலகம் முழுக்க ஒரே அளவு வரப்போகிற காலத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தேன். செய்துவிட்டு, “அறை மாறாது மாமா. மனுஷன் புத்திதான் மாறணும்” என்றேன்.

அவர் அடிக்கோலை இடுப்பில் செருகினார். “உங்க புத்தி உங்களுக்கு. எம் மக எனக்கு” என்று சொல்லிவிட்டுப் புளியங்குடி பஸ்ஸுக்குப் போய்விட்டார். ஆவணி முகூர்த்தத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

இதுதான் ஆசிரியர் போட்ட உடல்நலக் குறைவு.

அந்த இரண்டு வாரம் நான் பட்ட பாடு! காபி கிளப்பில் இலை போட்டால் பசிக்காது. எழுத உட்கார்ந்தால் ஓடாது. வகுப்பில் பையன்களிடம், “அளவு என்றால் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்” என்று சொல்ல ஆரம்பித்தேன். குரல் தழுதழுத்தது. ஆனால் இந்தத் தடவை பிரெஞ்சுக்காரனுக்காக இல்லை. முன் பெஞ்சுப் பையன் எழுந்து, “சார், தண்ணி வேணுமா?” என்று கேட்டான்.

பள்ளிக்கூடம் விட்டதும் நேராகப் புது வீட்டுக்குப் போவேன். கதவைச் சாத்திக்கொண்டு நடப்பேன். மேற்குப் பக்கம் நின்று நடந்தால் குறையுமா? மூலைக்கு மூலை நடந்தால்? பள்ளிக்கூட பூட்ஸைப் போட்டுக்கொண்டு நடந்து பார்த்தேன்… பத்து வந்தது! குதித்தேன். அப்புறம்தான், தோல் பூட்ஸோடு வீட்டுக்குள் நடந்து மனையடி பார்த்தேன் என்று மாமனாரிடம் போய்ச் சொல்வதை நினைத்துப் பார்த்தேன். பூட்ஸைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு மனையடியில் நம்பிக்கை வந்துவிட்டதா? இல்லை. அதுதான் கொடுமை. நம்பிக்கை இல்லாதவன், நம்புகிறவர்களைவிட அதிகம் நடந்திருக்கிறேன்.

போன வாரம் ஆடி அமாவாசை. மாமனார் வருஷா வருஷம் குற்றாலத்துக்கு வந்து அருவியில் தலைமுழுகி, தகப்பனாருக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டுப் போவார். அன்று காலையில் புது வீட்டு வாசலில் ஒரு குதிரை வண்டி வந்து நின்றது. கோமதி இறங்கினாள். தோளில் குழந்தை.

“அப்பா அருவிக்குப் போயிருக்காவ. கூட்டத்துல பிள்ளைய வெச்சுக்கிட்டு நிக்க முடியாதுன்னு நான் இங்கன வந்துட்டேன்” என்றாள்.

“உள்ள வா.”

“வரப்படாதாமே? ஒம்பதாமே? பன்னெண்டாமே?” வாசலில் நின்றபடியே என்னை மேலும் கீழும் பார்த்தாள். “எங்கப்பாவுக்குப் புத்தி மாறணும்னு சொன்னியளாமே?”

சாரல் விழுந்துகொண்டிருந்தது. அவள் குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு கூரை விளிம்பில் ஒண்டி நின்றாள். என் வீட்டு வாசலில், என் மனைவி, உள்ளே வர முடியாமல்… “தப்புதான் கோமதி” என்றேன். “சுவரைப் பிரிக்கச் சொல்லிடுதேன்.”

“எதுக்கு?” என்றாள்.

அதற்குள் மாமனார் அருவியிலிருந்து வந்துவிட்டார். ஈரத் துண்டு, நெற்றி நிறைய விபூதி. பின்னாலேயே கொத்தனாரும். தெருவில் பார்த்திருக்கிறார் போலிருக்கிறது, வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்.

“அப்பா, வீட்டுக்காரர் காலடிதான் கணக்குன்னு யார் சொன்னா?” என்று கேட்டாள் கோமதி.

“வழக்கம் அதானேம்மா.”

“இவுக பள்ளிக்கூடத்துல இருப்பாவ. இல்லைன்னா எழுதிக்கிட்டு இருப்பாவ. காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் இந்த அறையில நடக்கப் போறது யாரு? நான். எங் காலை வெச்சு அளப்பேன்.”

மாமனார் கொத்தனாரைப் பார்த்தார். கொத்தனார், “அதுவும் நியாயந்தான் முதலாளி” என்றார். சுவர் பிரிக்காமல் தப்பிக்கிற எந்த வழியும் அவருக்கு நியாயம்தான்.

ஆனால் கோமதியின் கால் அளவு எனக்குத் தெரியும். தலை தீபாவளிக்குத் திருநெல்வேலியில் செருப்பு வாங்கும்போது ஸ்கேல் வைத்து அளந்தவன் நான். இருபத்துநாலு சென்டிமீட்டர். மனக்கணக்குப் போட்டேன். பன்னிரண்டரை. பதின்மூன்றைத் தொடாது, பன்னிரண்டுதான்! பகை! ஒரு தடவை நடந்து பன்னிரண்டு என்று வந்துவிட்டால் அப்புறம் யார் காலைத் தேடுவது?

“வேண்டாம் கோமதி” என்றேன் மெதுவாக.

“நீங்க பிள்ளையப் பிடிங்க” என்று சொல்லிக்கொண்டே நடு அறைக்குள் நடந்தாள்; எல்லாரும் பின்னாலேயே போனோம்.

குழந்தையை என் கையில் போட்டாள். அது என்னைப் பார்த்தது. உதட்டைப் பிதுக்கியது. இதோ ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். என்ன தோன்றியதோ, கையை நீட்டி என் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. அழவில்லை. அதைக் கீழே போட்டுவிடப் போகிறதே என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கோமதி சுவரில் குதிகாலை ஒட்டி நின்றாள். புடவை தரையைத் தொட்டது. நடக்க ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று கொத்தனார் உரக்க எண்ணினார். மாமனார் எண்ணவில்லை. ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டு உத்தரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நின்றுகொண்டிருந்தவர்களுக்குப் புடவைக் கரை மட்டும்தான் தெரிந்திருக்கும். நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். கரைக்குக் கீழே எனக்குத் தெரிந்தது.

குதிகால் விரலில் ஒட்டவில்லை. ஒவ்வொரு அடிக்கும் நடுவே கொஞ்சம் இடம்.

“பதினொண்ணு!” என்றார் கொத்தனார். அடுத்த அடிக்கு இடமில்லை. கோமதி சுவரைத் தொட்டுக்கொண்டு திரும்பினாள். நெற்றி வேர்த்திருந்தது. நேராக என்னைத்தான் பார்த்தாள்.

“பதினொண்ணு பால் பாக்கியம்” என்றார் மாமனார். அவரும் என் பக்கம் திரும்பினார். “மாப்ளே, நீங்க படிச்சவுக. கீழ உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தீய. கணக்கு சரிதானா?”

பத்து வருஷமாகப் பையன்களுக்கு ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் மார்க்கைக் குறைத்தவன். இரண்டு அங்குலத்துக்காகக் குடும்பத்தையே வாசலில் நிறுத்தியவன். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். குழந்தை என் கண்ணாடியைக் கடித்துக்கொண்டிருந்தது.

“சரியாப் பதினொண்ணு மாமா” என்றேன்.

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டார். “அப்பம் ஆவணி முதல் முகூர்த்தத்துக்குப் பால் காய்ச்சிருவோம்” என்றார். கோமதி என்னிடமிருந்து குழந்தையை வாங்க வந்தாள். நான் கொடுக்கவில்லை.

இந்தப் பக்கம் மறுபடி ஒழுங்காக வரும். பால் காய்ப்புக்குத் தென்காசிப் பக்கத்து வாசகர்கள் தாராளமாக வரலாம். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கோமதி ஒவ்வொரு அடிக்கும் நடுவே விட்ட இடம் எத்தனை சென்டிமீட்டர் என்று யாரும் எழுதிக் கேட்காதீர்கள். ஸ்கேல் பக்கத்திலேயேதான் கிடந்தது…

நான் அளக்கவில்லை.